ஒத்தைகள் என்று பெயர் வைத்தவள்

தாக் பில்சுன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஓர் அறை நிறைய ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள். அந்தச் சிரிப்பின் நினைப்பிலேயே பல வருஷங்களை ஓட்டினாள் என்றுகூடச் சொல்லலாம்.

மற்றபடி அவள் பேசாத ஆள். புசான் நகரத்துக் கருவாட்டுச் சந்தையில் ஒரு கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, நெத்திலிக் கருவாட்டின் தலையையும் குடலையும் கிள்ளிப் போடுவது அவள் வேலை. யாராவது விலை கேட்டால் பலகையைக் கையால் காட்டுவாள். கடைக்கார அம்மா, "இவ வாயில நெத்திலி முள்ளு மாட்டிக்கிச்சு, அதான் தொறக்க மாட்டேங்குறா" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். பில்சுனும் குனிந்தபடியே சிரித்துக்கொள்வாள். பேசாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதிரே இருப்பவர்கள் அவர்களை மறந்துவிட்டுத் தங்கள் முகத்தை அப்படியே காட்டிவிடுவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்தே அவள் மனிதர்களைத் தெரிந்துவைத்திருந்தாள். அவளுக்குக் கால் செய்து கொடுத்த யொம் முதலாளியை மட்டும்தான் சரியாகப் பார்க்கத் தவறிவிட்டாள்.

நம்ஹே தீவில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அத்தை ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு புசானுக்கு வந்தாள். அந்தக் காலத்தில் புசானில் திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர் ஷூ தொழிற்சாலைகள். அதில் ஒன்றில், செய்து முடித்த ஷூக்களைச் சோதித்து அனுப்பும் வரிசையில் அவளை உட்காரவைத்தார்கள். ஜோடியில் ஒன்றில் பசை வழிந்திருந்தாலோ தையல் கோணியிருந்தாலோ, அதோடு சேர்ந்த நல்ல ஷூவும் கழிக்கப்படும். அப்படித் தனியாக நின்றுபோன நல்ல ஷூவுக்கு அங்கே ஒத்தை என்று பெயர். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய கூடை இருக்கும். ஒத்தைகளைத் திரும்பிப் பார்க்காமலே அதில் வீசப் பழகியிருந்தாள்.

ஒரு மழை நாளில், தொழிற்சாலை முற்றத்தில் ரப்பர் பாளங்களை ஏற்றிக்கொண்டு பின்னோக்கி வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவளுக்கு அப்போது இருபதுகூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மரக்கால் கனமாக இருந்தது. மாட்டிக்கொண்டு சந்தை வரை போய் வந்தால் மிச்சமிருந்த காலின் நுனி புண்ணாகிவிடும். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கக்கத்தில் கோலை இடுக்கிக்கொண்டு நடந்தாள். யாரோ சொல்லித்தான் யொம் முதலாளியின் பட்டறைக்குப் போனாள்.

தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தப் பட்டறை. யொம் அப்போது சின்ன வயசுக்காரர். வருகிறவர்கள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மிச்சக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். "இங்க வலிக்குதா? இங்க? மறைக்காதீங்கம்மா. நீங்க மறைச்சா நான் செய்யுற கால் பொய்க்கால் ஆயிடும்" என்பார். பொய்க்கால் என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவர் செய்து கொடுத்த காலில் பில்சுன் சந்தை வரை போய்த் திரும்பினாள். புண் வரவில்லை. ஒரு மனிதரை நம்புவதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பட்டறைக்கு வருகிறவர்களை அவர் நோயாளி என்றோ வேறெதுவாகவோ அழைத்ததில்லை. "நம்ம வீட்டு ஆளு" என்றுதான் சொல்வார். மதியம் ஒரு பானை சோறும் கிம்ச்சி ஊறுகாய் போட்ட குழம்பும் இருக்கும். அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் சாப்பிடலாம். அந்த ஊரில் ஒரே பானையில் சாப்பிடுகிறவர்களைத்தான் குடும்பம் என்பார்கள். அதனால் அந்தப் பேச்சை யாரும் வெறும் உபசாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறைக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஓர் அறை. அடியில் சூடு ஓடும் தரை. கால் சரிபார்க்க வந்தவர்கள் காத்திருக்கும் இடம் அது. நாளடைவில் மாசத்துக்கு ஒரு வியாழக்கிழமை, காலில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், அங்கே வந்து கூடுவது சிலருக்கு வழக்கமானது. அவர்களில் தல்சிம் அக்கா வாய்க்காரி. தெருமுனையில் வண்டி போட்டு மீன் அடை விற்பவள். சர்க்கரை நோயில் கால் போனது. புனி எல்லோரிலும் சின்னவள், சலவைக் கடையில் வேலை. இரவல் மோட்டார் சைக்கிளில் போய்க் காலை இழந்தவள்.

அங்கே வீட்டுக்குள் யாரும் ஷூ போட்டுக்கொண்டு நுழைய மாட்டார்கள். இரண்டு காலும் இருப்பவர்களுக்கு அது ஒரு காரியமே இல்லை. செயற்கைக் காலின் பாதமோ ஷூவின் குதி உயரத்துக்குத் தோதாக வைக்கப்பட்டது. ஷூ இல்லாமல் நின்றால் ஆள் மல்லாக்கச் சாய்ந்துவிடுவார். அந்த அசையாத பாதத்திலிருந்து ஷூவை உருவுவதும் லேசில்லை. அதனால் இந்தப் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து, இருக்கிற காலின் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, மறு காலை ஷூவோடு அப்படியே கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு, கையூன்றி உள்ளே நகர்வார்கள். வெதுவெதுப்பான தரையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டால் உலகமே தூரப் போய்விடும்.

ஒரு வியாழக்கிழமை பில்சுன் கடைசியாக வந்தாள். வாசலில் வரிசையாக ஷூக்கள். எல்லாம் ஒற்றைக் காலுக்கானவை. பழைய தொழிற்சாலை ஞாபகத்தில், தன்னை அறியாமலே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் ஒத்தை. எங்க தொழிற்சாலையா இருந்தா கூடையில வீசியிருப்பாங்க."

உள்ளேயிருந்து தல்சிம் கேட்டாள். "எத வீசுவாங்க? வாசல்ல கெடக்குற ஷூவையா, உள்ள கெடக்குற எங்களையா?"

"ரெண்டையுந்தான்" என்றாள் பில்சுன்.

 சிரிப்பு வெடித்தது. புனி சிரித்து உருண்டு சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். தல்சிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி, இத்தன நாளா இந்த வாய எங்கடி வெச்சிருந்த?" என்றாள்.

அன்றிலிருந்து அவர்கள் ஒத்தைகள். "ஒத்தைங்க எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே தல்சிம் உள்ளே வருவாள். "ஏ ஒத்த, அந்தப் பழத்த இந்தப் பக்கம் தள்ளு" என்பாள் புனி. பஸ்ஸில் யாராவது முறைத்துப் பார்த்த நாளில், புதுக்கால் கடித்த நாளில், "ஒத்தைக்கு என்ன ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டால் பாதி வலி போய்விடும். அந்தச் சொல் அறைக்கு வெளியே போகக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. போடாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தல்சிமின் புருஷன் ஒரு நாள் விளையாட்டாக, "இன்னிக்கு ஒத்தைங்க கூட்டமா?" என்று கேட்டுவிட்டான். "ஒனக்கு ரெண்டு காலு இருக்குல்ல? அப்ப வாய மூடு" என்றவள் ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.

பில்சுனுக்கு இது வெளியில் சொல்ல முடியாத பெருமை. சந்தையில் அவளை யாருக்கும் தெரியாது. அந்த அறையில் அவள் பெயர் வைத்தவள்.

வருஷங்கள் போயின. யொம் முதலாளிக்குப் பெயர் பரவியது. பெரிய மருத்துவக் கம்பெனி ஒன்று அவரோடு கூட்டுச் சேர முன்வந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. அந்தச் சமயத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"ஒரு யோசனை கேக்கணும்க்கா. புது எடத்துல வர்றவங்கள என்னன்னு கூப்புடுறதுன்னு ஒரே தகராறு. டாக்டருங்க நோயாளின்னு சொல்லுன்றாங்க. கம்பெனிக்காரங்க வாடிக்கையாளர்ன்றாங்க. ஊனமுற்றோர் சங்கத்துல பயனாளின்னு எழுதுன்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"நோயாளியா?" என்றாள் தல்சிம். "எனக்கென்ன நோயி? நோயி இருந்தது அந்தக் காலுக்கு. அத வெட்டித்தான் போட்டாச்சே. அதத் தேடிப் புடிச்சு நோயாளின்னு கூப்புடு."

"வாடிக்கையாளர் நல்லாத்தான் இருக்கு" என்றாள் புனி. "கலர் புடிக்கலன்னா ஒரு வாரத்துல திருப்பிக் குடுத்துட்டு வேற கால் எடுத்துக்கலாமா?"

"பயனாளின்னா உதவிப் பணத்துக்கு உக்காந்திருந்த நகராட்சி ஆபீசு பெஞ்சுதான் ஞாபகம் வருது" என்றாள் இன்னொருத்தி.

"டிவில ஊன நண்பர்னு ஒண்ணு சொல்றாங்களே."

"யாரு யாருக்கு நண்பரு? நான் என்னைப் பத்தி சொல்லும்போது 'வணக்கம், நான் ஒரு நண்பர்'னு சொல்லிக்கணுமா?" என்றாள் தல்சிம்.

யொம்மும் சேர்ந்து சிரித்தார். தல்சிம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "இத்தன வருஷமா நம்ம வீட்டு ஆளுன்னு கூப்ட்டீங்களே, அதுக்கென்ன கேடு?"

"அத எப்படிக்கா பலகையில எழுதுறது?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சாதாரணமாகப் பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஆள் அன்றைக்கு நின்றபடியே பேசினார். பில்சுன் அதைப் பார்த்தாள். வேலை அவசரம் என்று நினைத்துக்கொண்டாள்.

சில நாளில் அவளுக்குப் புதுக்கால் அளவெடுக்க வேண்டி வந்தது. யொம் அவள் முன்னால் மண்டியிட்டு, நனைத்த மாவுக்கட்டுத் துணியை மிச்சக்காலில் சுற்றிக்கொண்டிருந்தார். மாவு முதலில் சில்லென்று இருந்து, பிறகு மெல்லச் சூடாகி இறுகும். அந்த நேரத்தில் அசையக் கூடாது. அவர் இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"உள்ள உக்காந்து அப்படிச் சிரிக்கிறீங்களே, உங்களுக்குள்ள என்னன்னு கூப்ட்டுக்குவீங்க?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் வெளி ஆளா?"

பெற்ற தாய்க்குப் பிறகு அந்தக் காலைக் கூசாமல் தொட்டவர் அவர் ஒருவர்தான். அவரை வெளியாள் என்று எப்படிச் சொல்வது?

"வெளிய சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

சொன்னாள். ஷூ, கூடை, தல்சிம் கேட்டது, தான் சொன்ன பதில் என்று முழுவதையும் சொன்னாள். ஒரு கதையை முதலிலிருந்து முடிவு வரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. யொம் சிரித்தார், கை ஆடாமல் சிரித்தார். "ஒத்தை" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவளும் சிரித்தாள்.

திறப்பு விழாவுக்குத் தல்சிமும் புனியும் பில்சுனும் ஒன்றாகவே போனார்கள். தல்சிம் புது உடுப்பு போட்டிருந்தாள். கட்டட வாசலில் மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது: ஒத்தைகளின் இல்லம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ஒவ்வொரு ஒத்தைக்கும் ஒரு ஜோடி.

முதலில் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. நீலச் சீருடை போட்ட பெண் ஒருத்தி இடுப்பு வரை குனிந்து, பயிற்சி கொடுத்த குரலில் சொன்னாள்.

"வாங்க, ஒத்தை அவர்களே. உள்ள வாங்க."

புனி திரும்பித் தல்சிமைப் பார்த்தாள். "அக்கா, இவ நம்மளத்தான் கூப்புடுறாளா?"

தல்சிம் நேரே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பில்சுன் எப்படியாவது இருவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் மேடையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் பேசினார், கம்பெனிக்காரர் பேசினார். கடைசியில் யொம் வந்தார். கோட்டு போட்டிருந்தார்.

"நோயாளி, வாடிக்கையாளர்னு சொல்லிச் சொல்லி மனுஷங்கள நாம தூரமா தள்ளிட்டோம். இந்த அழகான பேர எங்களுக்குக் குடுத்தது அவங்கள்ல ஒருத்தர்தான். தாக் பில்சுன் அம்மா, மேடைக்கு வாங்க."

கைதட்டினார்கள். சீருடைப் பெண் வந்து அவள் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். மேடைப் படி ஏறும்போது புதுக்கால் கொஞ்சம் இழுத்தது. கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்தார்கள். "இங்க பாருங்க ஒத்தை அவர்களே, சிரிங்க" என்றான் படம் எடுத்தவன். அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். புனி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தல்சிம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தால் தாங்கியிருக்கலாம். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அவள் இறங்கி வந்தபோது இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன.

ஒரு வாரம் பொறுத்து அவள் யொம் முதலாளியைப் பார்க்கப் போனாள். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் போகும்போதே முணுமுணுத்துப் பழகிக்கொண்டாள். அவர் அறையில் மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"அந்த வார்த்தைய எடுத்துடுங்க."

"ஏம்மா? எல்லாருக்கும் எவ்வளவு புடிச்சிருக்கு தெரியுமா? ஒளிவு மறைவு இல்லாத வார்த்தைன்னு டாக்டரே சொல்றாரு. நான் என்ன திருடியா போட்டேன்? உங்க பேரச் சொல்லித்தான மேடையேத்தினேன்?"

"வெளிய சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க."

"எப்ப?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகம் அவளுக்குத் தெரியும். சந்தையில் தினமும் பார்க்கிறாள். இது அந்த முகம் இல்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

"மாவுக்கட்டு போடும்போது."

"ஓ, அப்பவா." அவர் சிரித்தார். "அது காயுற வரைக்கும் பொழுது போகணும்ல. வர்றவங்ககிட்டல்லாம் ஏதாவது பேசிக்கிட்டுத்தான் இருப்பேன். பேரு பதிவாயிடுச்சும்மா, இனிமே மாத்த முடியாது." வாசல் வரை கூட வந்து கதவைத் திறந்துவிட்டார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. வாடிக்கையாளர் மனசு நோகுற மாதிரி நாங்க எதுவும் செய்ய மாட்டோம்."

வாயில் வந்த வார்த்தை எதுவென்று அவருக்கே தெரியவில்லை. பில்சுனுக்குத் தெரிந்தது. வீதியில் இறங்கி நின்றாள். அவர் தன்னைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்த நேரமெல்லாம், மாவு காய்வதற்காகக் காத்திருந்த நேரம்தான். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

புதுக் கட்டடத்தில் பின்னறை கிடையாது. நம்பர் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். வியாழக்கிழமை வந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அடுத்த மாசமும் கூப்பிடவில்லை. தல்சிம் வீட்டில் கூடுகிறார்கள் என்று சலவைக் கடைப் பக்கமாகக் காதில் விழுந்தது. அங்கே போகலாமா என்று நினைத்தபோதெல்லாம் மறுபடி நெத்திலித் தட்டை இழுத்துக்கொண்டாள். போய் என்ன சொல்வது? சொல்ல வேண்டிய ஒன்றைத்தான் சொல்லக் கூடாத ஆளிடம் சொல்லியாகிவிட்டதே.

குளிர் ஆரம்பித்த ஒரு நாளில் தல்சிமே கருவாட்டுக் கடைக்கு வந்தாள். அடைக்குச் சாறு காய்ச்ச நெத்திலி வேண்டும் என்றாள். கடைக்கார அம்மா நிறுத்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் வந்து பில்சுன் முன்னால் நின்றாள்.

"அவன்கிட்ட நீதான சொன்ன?"

"ஆமாக்கா."

"காசு குடுத்தானா?"

"இல்ல. ஒண்ணும் குடுக்கல."

"அத நானும் நெனச்சேன். நீ அப்படிப்பட்ட ஆளு இல்ல." தல்சிம் ஒரு நெத்திலியை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே போட்டாள். "சொல்லும்போது சிரிச்சியா?"

பில்சுன் கிள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"சிரிச்சேன்."

"ம்." தல்சிம் விரலில் ஒட்டியிருந்த கருவாட்டுத் தூளைத் தட்டிவிட்டாள். "காசுக்கு வித்திருந்தா திட்டிட்டு விட்டுருப்பேன். நாலு பேரு தரையில படுத்துச் சிரிச்சத, ரெண்டு காலுல நின்னுக்கிட்டு இருக்கறவன்கூட சேந்து சிரிச்சிட்டு வந்திருக்க." நெத்திலிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். போகிற போக்கில், "வியாழக்கெழம எங்க வீட்டுலதான். வர்றதுன்னா வா" என்றாள்.

பில்சுன் போனாள். ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனாள். தல்சிம் வீட்டுக் கூடத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யாரும் அவளைக் கடிந்து பேசவில்லை. முட்டைக்கோஸ் விலை ஏறியதைப் பேசினார்கள். புனியின் முதலாளி புது யந்திரம் வாங்கியதைப் பேசினார்கள். உள்ளே நுழையும் முன் படியில் அவளுக்குக் கேட்ட பேச்சு வேறு. அது அவள் வந்ததும் நின்றுவிட்டது. அவள் பழத்தை உரித்து உரித்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளினாள். "போதும்மா" என்று மரியாதையாகச் சொன்னார்கள். "ஏ ஒத்த, தள்ளு அத" என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வார்த்தையை இப்போது பஸ்ஸில் ஒட்டியிருந்தார்கள். ரேடியோவில் ஒரு பெண் குழைந்த குரலில் சொன்னாள். இந்த வீட்டுக்குள் மட்டும் அது இல்லை.

"எங்க கடைக்குப் புதுசா ஒரு பொண்ணு வருது" என்றாள் புனி. "போன வருஷந்தான் கால எடுத்தாங்களாம். பாவம், ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. அதுவும் நம்மள மாதிரி..." நிறுத்திக்கொண்டாள். பில்சுனைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். "அதுவும் கால் போனதுதான்."

இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

"கூட்டிட்டு வா" என்றாள் தல்சிம்.

"வருவா. வந்தா கேப்பாளே, நீங்க உங்கள என்னன்னு சொல்லிக்குவீங்கன்னு. எல்லாரும் முதல்ல அதத்தான கேக்குறாங்க."

 தல்சிம் மெல்லத் தலையைத் திருப்பினாள். "இதோ இருக்காளே, இவளக் கேளு. பேரு வெக்கிறவ இவதான?"

குத்திச் சொன்னதா, அழைத்துச் சொன்னதா என்று பில்சுனுக்குப் புரியவில்லை. தல்சிமின் முகத்தை எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குள் ஒரு வார்த்தை வந்தது. பழையதைவிட நல்ல வார்த்தை. நுனிநாக்கு வரை வந்து நின்றது. சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. தல்சிம் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். புனி உருளுவாள். வரப்போகிற அந்தப் பெண்கூடச் சிரிப்பாள்.

பிறகு அது எங்கெல்லாம் போகும் என்பதும் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தோணலக்கா" என்றாள் பில்சுன்.

"சரி விடு" என்றாள் தல்சிம். பழத்தோலை ஒன்றாகத் திரட்டி எடுத்துக்கொண்டு, முட்டைக்கோஸைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்தாள்.